ஜெபத்துக்காகச் சொன்னது

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு நான் வாயைத் திறந்தேன். மணி நன்றாக நினைவிருக்கிறது. நர்ஸம்மா வீட்டுக் கூடத்தில், நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரெதிரே, பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். யார் முகத்தையும் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

“என் பொண்ணுக்கு வலிப்பு இருக்குது. எட்டு மாசமா இல்லாம இருந்தது, இன்னிக்கு மத்தியானம் திரும்ப வந்துடுச்சு. வர்ற புதன்கிழமை பொண்ணு பார்க்க வராங்க. அவளுக்காக ஜெபம் பண்ணுங்க.”

நாலே வாக்கியம். பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சுருக்கி எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். சுருக்கமாகத்தான் சொன்னேன்.

அது எங்கள் சபைப் பெண்களின் வெள்ளிக்கிழமைக் கூட்டம். வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து நடக்கும். ஒன்பது பத்துப் பேர் வருவோம். போதகரின் மனைவி நடத்துவார். போதகரை ஐயர் என்போம், அதனால் அவரை ஐயரம்மா என்று கூப்பிடுவோம். அவர்கள் என்னை டீச்சர் என்பார்கள். பாட்டு, வசனம், ஜெபம், பிறகு சுண்டலும் டீயும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதில் ஒன்றும் இருக்காது. எனக்கு வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே நகர்ந்தன.

கல்யாணமாகிப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் தெரு முழுக்கத் தறிக்காரர்கள். கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். யாரும் எங்களை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் எங்களிடம் சொல்ல அவர்களுக்கும் ஒன்றும் இருக்கவில்லை. என் கணவர் தாலுக்கா ஆபீஸில் எழுத்தர். பேச்சையெல்லாம் அங்கேயே முடித்துவிட்டு வருகிறவரைப் போல வீட்டில் மௌனமாக இருப்பார். பள்ளிக்கூடத்தில் நான் சிரித்தால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள் என்று தலைமை ஆசிரியை சொல்வார். ஆகவே நான் சிரித்ததெல்லாம் வெள்ளிக்கிழமைகளில்தான்.

முசரவாக்கத்திலிருந்து ஓர் அக்கா பஸ் பிடித்து வருவார். வரும்போது எல்லோருக்கும் முருங்கைக்கீரை கொண்டுவருவார். பாட்டில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டார். அவரைக் கீழே இழுக்க நாங்கள் பாடுபட்டு, பாதிப் பாட்டில் யாராவது சிரித்துவிட, ஐயரம்மா கண்டிக்க முயன்று, முடியாமல் பாட்டுப் புத்தகத்தால் தம் முகத்தை மறைத்துக்கொள்வார். தெருவில் சாமி புறப்பாடு வந்துவிட்டால் ஜெபத்தை நிறுத்திவிட்டு, கண்ணை மூடியபடியே காத்திருப்போம். ஒருமுறை நாயனச் சத்தம் தெருக்கோடி திரும்பியதும் கண்ணைத் திறந்தால், அக்காவின் கை தொடையில் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டு யாருடையதாக இருந்தால் என்ன, தாளம் கர்த்தர் கொடுத்ததுதானே என்றார். இதையெல்லாம் எழுதும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வரக்கூடாது என்று தோன்றுகிறது. இருந்தாலும் வருகிறது.

வசனம் வாசித்து முடிந்ததும் ஐயரம்மா கைப்பையிலிருந்து சின்ன நோட்டும் பென்சிலும் எடுப்பார். “குறிப்பு?” என்பார். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வோம். மகனின் பரீட்சை, வீட்டுக்காரரின் மாற்றல், நாத்தனாரின் பிடிவாதம், முசரவாக்கத்து அக்காவின் முழங்கால். எதுவும் அங்கே சொல்லலாம். கிணற்றடியில் சொன்னால் அது கோள். அங்கே சொன்னால் அது ஜெபக் குறிப்பு. இந்த வித்தியாசத்தை நாங்கள் யாரும் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

என் மகளுக்கு அப்போது இருபது முடியப்போகிறது. பி.யு.சி. படிக்கும்போது ஹாஸ்டலில் முதல்முறை விழுந்தாள். மதராஸுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே வாழலாம் என்றார். அவளுக்கும் எனக்கும் அவள் அப்பாவுக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. ஹாஸ்டலில் மயக்கம் என்று சொல்லிச் சமாளித்திருந்தோம்.

அப்போதுதான் செங்கல்பட்டிலிருந்து வரன் வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். அவனுடைய சித்தி எங்கள் சபையைச் சேர்ந்தவர். அவர்தான் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர் அல்ல, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். கல்யாணம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார் என் கணவர். முன்னாலேயே சொல்ல வேண்டும் என்றேன் நான். எங்கள் இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு மகள் ஒரு முடிவுக்கு வந்தாள். பெண் பார்க்க வரும் நாளில் பையனோடு ஐந்து நிமிஷம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பாள். அவளே சொல்வாள்.

“அவரு முகத்தப் பார்த்து நான் சொல்றேன்மா. வேணாம்னா என்கிட்டயே வேணாம்னு சொல்லட்டும். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“நம்ம சபையில சத்தியம் பண்றதில்லடி.”

“அப்ப சும்மா சரின்னு சொல்லு. போதும்.”

சரி என்றேன். அந்தச் சரி ஒன்பது நாள் தாங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், மகள் மயங்கிக் கிடக்கிறாள் என்று பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தாள். உதட்டைக் கடித்ததில் ரத்தம். தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தேன். தூங்கினாள். நாலரைக்கு விழித்து என் முகத்தைப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் இல்ல. நீ கூட்டத்துக்குப் போயிட்டு வா. போனாதான் உன் மூஞ்சி சரியாகும்” என்றாள். அவள்தான் என்னை அனுப்பினாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போனேன். சொன்னேன். அவர்கள் அழுதார்கள். நர்ஸம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முசரவாக்கத்து அக்கா தரையில் நெற்றி பட விழுந்து ஜெபித்தார். மூன்று வருஷமாக நெஞ்சில் கட்டியிருந்தது கரைந்து, பஞ்சு போல வீட்டுக்கு நடந்து வந்தேன். அந்த நிம்மதி பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு கசந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை. மகள் வெள்ளைச் சேலையில் பாடகர் குழுவோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் சித்தி எனக்கு இரண்டு வரிசை முன்னால். பொது ஜெபத்துக்குப் போதகர் எழுந்தார். நாட்டுக்காக, மழைக்காக, நோயாளிகளுக்காக. முசரவாக்கத்து அக்காவின் முழங்காலுக்காக. பிறகு அதே குரலில், அதே வேகத்தில், நமது சபை ஆசிரியை அம்மாளின் மகளைப் பிடித்திருக்கும் வலிப்பு நோய் நீங்க வேண்டும் என்றும், வருகிற புதன்கிழமை நடக்கும் காரியம் வாய்க்க வேண்டும் என்றும் ஜெபித்தார்.

நான் கண்ணைத் திறந்தேன். கோயில் முழுக்கக் கண்கள் மூடியிருந்தன, ஒரு ஜோடியைத் தவிர. மகள் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தியின் தலை நிமிர்ந்தது தெரிந்தது, திரும்பவில்லை. போதகர் முடித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். பழக்கத்தில் நானும் ஆமென் என்றேன்.

ஆராதனை முடிந்ததும் சித்தி யாருக்கும் நிற்காமல் போய்விட்டார். நானும் மகளும் வீட்டுக்கு நடந்தோம். எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கும் பட்டு நூல் இழுத்துக் கட்டியிருந்தால் அதைத் தாண்டக் கூடாது, ஓரமாகத்தான் போக வேண்டும். அவள் அந்தப் பக்கம் போனாள். நான் இந்தப் பக்கம். நடுவில் சிவப்பு நூல். வீட்டு வாசல் வரைக்கும் அப்படியே வந்தோம்.

உள்ளே வந்து வெள்ளைச் சேலையை மாற்றி, மடித்து, கட்டில்மேல் வைத்தாள். அப்புறம்தான் கேட்டாள்.

“யாருகிட்ட சொன்ன?”

“ஜெபத்துக்குத்தாண்டி சொன்னேன்.”

“ஜெபத்துக்குன்னா கண்ண மூடிக்கினு சாமிகிட்ட சொல்லணும்மா. நீ கண்ணத் தொறந்துக்கினு ஒம்பது பேருகிட்ட சொல்லியிருக்க.”

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை கார்டு வந்தது. கவரில் போடக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. குடும்பமாக ஜெபித்ததில் இந்தச் சம்பந்தம் தேவ சித்தமல்ல என்று உணர்த்தப்பட்டதாக எழுதியிருந்தார்கள். மகள் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். “பாவம், சாமி. எல்லாத்தையும் அவரு தலையில கட்டிடறாங்க” என்றாள். அவள் அப்பா கார்டைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. ஒரு மாதம்போல என்னிடம் சோறு, தண்ணீர் என்ற இரண்டு வார்த்தைகளுக்குமேல் பேசவில்லை.

நான் ஐயரம்மா வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் அழுதார். நோட்டை எடுத்துக் காட்டினார். அவர் கையெழுத்தில் என் நாலு வாக்கியமும் இருந்தன.

“நீங்கதானே டீச்சர் குடுத்தீங்க. ஐயரு ஞாயித்துக்கிழமை இந்த நோட்டப் பார்த்துத்தான் ஜெபம் பண்ணுவாரு. எத்தன வருஷமா அப்படித்தான். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். வாராவாரம் அக்காவின் முழங்காலைப் பிரசங்க பீடத்திலிருந்து கேட்டுக் கைக்குட்டைக்குள் சிரித்தவள் நான். வெள்ளிக்கிழமை சொன்னது ஞாயிற்றுக்கிழமை வரும் என்பது சபையில் ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது என் வீட்டு விஷயமாக இருக்கும்போது வராது என்று நான் எப்படி நினைத்தேன்? நினைக்கவே இல்லை. அந்த ஐந்து நாற்பதுக்கு எனக்கு என் நெஞ்சு வலி மட்டும்தான் தெரிந்தது. மகளுக்காக ஜெபிக்கச் சொன்னேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம் தேடினேன். இறக்கிவைத்த இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வாரமே நாலு பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மகளை நடுவில் உட்காரவைத்துத் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். முசரவாக்கத்து அக்கா எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்து, இரும்பு எப்போதும் கையோடு இருக்கட்டும் என்றார். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஒருத்தியிடமும் துளி விஷம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மகள் ஜெபம் முடியும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு, “ஆச்சா?” என்று கேட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். பாடகர் குழுவுக்கும் கோயிலுக்கும் அன்றோடு முழுக்குப் போட்டாள்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் தறிக்காரக் குடும்பம். அந்த வீட்டம்மா ராட்டினத்தில் தார் சுற்றுவார். ஊடைக்கு வேண்டிய பட்டு நூலைச் சின்னக் கழிகளில் சுற்றுகிற வேலை அது. மகள் அவரோடு உட்கார்ந்து தார் சுற்றக் கற்றுக்கொண்டாள். பகலெல்லாம் அங்கேதான். ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அந்த அம்மா வாசலில் நின்றிருந்தார்.

“மத்தியானம் பொண்ணு கொஞ்ச நேரம் விழுந்துக்கினு இருந்துச்சும்மா. ராட்டினத்த நகத்தி வெச்சிட்டு, தலைக்குத் துணி மடிச்சு வெச்சேன். எழுந்ததும் காப்பி குடிச்சிது. அப்புறம் ரெண்டு தார் சுத்திக் குடுத்துட்டுதான் வந்துது.”

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்ச வாயெடுத்தேன். அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். “யாருகிட்டம்மா சொல்றது? எனக்கு வேல கெடக்குது” என்று உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் மகளுக்கு வேண்டியது இவ்வளவுதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் தேவைப்பட்டிருக்கிறது.

நான் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுவேன். பதினாலு மாதம். அடுத்த தெருவில் கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமைகளில் பாட்டு எங்கள் வீட்டுப் பின்கட்டு வரை வரும். எல்லாக் குரலுக்கும் மேலே அக்காவின் குரல் ஏறிக்கொண்டு நிற்கும். என் கை அடுப்படியில் அப்படியே நின்றுவிடும். இப்போது யாராவது சிரித்துவிடுவார்கள் என்று நினைப்பேன். பாட்டு அறுபடும். சிரித்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு அத்தனை கோபம் இருந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பில் நான் இல்லையே என்ற ஏக்கம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு தாய் இதை எழுத வெட்கப்பட வேண்டும். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

வருஷப் பிறப்புக்குப் பிறகு புது முறைப் பட்டியல் வந்தது. எந்த வெள்ளிக்கிழமை எந்த வீடு என்று ஐயரம்மா கைப்பட எழுதி அனுப்புவது. பிப்ரவரி மாதத்துக் கடைசி வெள்ளிக்கு எதிரே எங்கள் வீடு இருந்தது. எடுத்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பச் சொன்னார் என் கணவர். நான் மகளிடம் கேட்டேன்.

“உன் கூட்டம், நீ கூப்பிடு,” என்றாள். “நான் பக்கத்து வீட்டுல இருப்பேன். என் பேச்சு மட்டும் வரக் கூடாது.”

அந்த வெள்ளிக்கிழமை நாலரைக்கே பாய் விரித்துவிட்டேன். யாரும் வரமாட்டார்கள் என்று ஒரு பயம். எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று இன்னொரு பயம். ஐந்து மணிக்கு முசரவாக்கத்து அக்கா முருங்கைக்கீரையோடு வந்தார். ஒன்றும் பேசாமல் நேராகச் சமையலறைக்குப் போய்க் கீரையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு நர்ஸம்மா, பிறகு மற்றவர்கள். கடைசியில் ஐயரம்மா. தலை நரைத்திருந்தது. என் கையைப் பிடித்தார்.

பாட்டு நடந்தது. வசனம் நடந்தது. ஐயரம்மா நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். “குறிப்பு?” என்றார்.

நர்ஸம்மா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்காகவும் பொதுவாக ஜெபிக்கலாம் என்றார் ஒருவர். அப்போதுதான் புரிந்தது, இந்தப் பதினாலு மாதமும் அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடினார்கள், சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் தன் வீட்டை இன்னொருத்தியிடம் திறக்கவில்லை. அதையும் நான்தான் கெடுத்திருக்கிறேன்.

“என் முழங்கால எழுதிக்கோங்க ஐயரம்மா,” என்றார் முசரவாக்கத்து அக்கா. “அது ஊருக்கே தெரிஞ்ச முழங்கால். இனிமே அதுக்கு என்னா மானம்.”

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வெடித்தது. ஐயரம்மா நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் மகள் நின்றிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தாவணியில் பட்டு நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. என் வாய் இன்னும் சிரிப்பில்தான் இருந்தது. அதை மூட எனக்குத் தெரியவில்லை. அவள் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து, என் பக்கத்தில் இல்லாமல், பாயின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். ஐயரம்மா பென்சிலைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்கும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

“எனக்கு ஒரு குறிப்பு இருக்குது ஐயரம்மா,” என்றாள். “எங்கம்மாவுக்காக ஜெபம் பண்ணுங்க. எதுக்குன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களும் எழுதிக்க வேணாம்.”